உதிரிக்கு மட்டும்

குட்டியானை ஓட்டுகிறவனுக்கு ஏற்றுகிற சாமான் எல்லாமே வெறும் கனம்தான். பீரோவா, கட்டிலா, கல்யாணத்துக்குப் போகிற வாடகை நாற்காலியா என்று அவன் பார்ப்பதில்லை. எத்தனை பேர் தூக்க வேண்டும், கயிறு எங்கே போட வேண்டும், மாடிப்படி திரும்புகிற இடத்தில் இடிக்குமா இடிக்காதா, அவ்வளவுதான். பெங்களூர் நீலசந்திரா அசோகனும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தான். அப்படியே இருந்திருந்தால் அவனுக்கும் நல்லது, அவன் அக்கா யசோதரைக்கும் நல்லது.

பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளியின் லைன் வீட்டில். எட்டாவதோடு படிப்பு நின்றது. சுரங்கத்தை மூடின பிறகு ஊரில் பாதிப் பேர் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பினார்கள். போய் வந்து போய் வந்து உடம்பு விட்டுப்போனவர்கள் பெங்களூரிலேயே ஒண்டிக்கொண்டார்கள். அசோகன் நீலசந்திராவில் ஒண்டினான். அக்கா புருஷனோடு அத்திபெலே பக்கம் போனாள். அசோகனுக்கு மனைவி தனலக்ஷ்மி, ஒரு குட்டியானை, ஒரு போன். அந்தப் போனில்தான் எல்லாம் கெட்டது.

மல்லேஸ்வரத்தில் சீனிவாசராகவன் என்று ஒரு ரிட்டையர்டு எஞ்சினியர். அவர் வீட்டுக்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜை இறக்கப் போனதில் ஆரம்பித்தது. கோயில் கதவு மாதிரி கனம், லாரி கதவு மாதிரி கைப்பிடி. அசோகன் வாய் சும்மா இருக்காமல், "சார், இது குஜிரிக்குப் போவுதா?" என்று கேட்டுவிட்டான். பழைய இரும்புக் கடைக்கா என்று கேட்டதற்கு அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்தால், பெற்ற தாயைச் சுடுகாட்டுக்கா கொண்டு போகிறீர்கள் என்று கேட்டது மாதிரி இருந்தது.

அதற்கப்புறம்தான் தெரிந்தது, இப்படி ஊரெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று. பழைய ஃப்ரிட்ஜ், பழைய மிக்ஸி, பழைய வாஷிங் மெஷின், காதில் இரைகிற பழைய மேஜை ஃபேன். அதைத் தேடிப் பிடித்து, துடைத்து, ஓடவைத்து, ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்ப் பார்த்து, காபி குடித்துவிட்டு வருகிறவர்கள். பைத்தியங்கள் என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். மற்றவன் சொன்னால் கோபம் வரும். சாமான் ஏற்றி இறக்க நம்பிக்கையான வண்டி வேண்டும் என்று சீனிவாசராகவன் அசோகனைத் தங்கள் வாட்ஸப் குரூப்பில் சேர்த்துக்கொண்டார். அதில் அவன் பேர் "அசோகன் டெம்போ". ஓட்டுகிறது டெம்போ இல்லை, குட்டியானை என்று அவன் சொல்லிப் பார்த்தான். பேர் மாறவில்லை.

முதலில் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் எழுத்து எழுத்தாகப் பேசினார்கள். தாயத்துத் தகட்டில் எழுதுகிற மந்திரம் மாதிரி இருந்தது. "டி.டி." என்று அடிக்கடி வரும். டெய்லி டிரைவர் என்று யாரோ ஒருநாள் விரித்து எழுதினார்கள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பூரித்துப்போய் அசோகன் கட்டைவிரலைத் தூக்கிப் போட்டான். அப்புறம்தான் தெரிந்தது, தினமும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்கு அந்தப் பேர். அவமானம்தான். ஆனால் அந்த அவமானத்தில்தான் அவனுக்கு வைராக்கியம் வந்தது.

யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. போனில் எழுத்தைப் பார்ப்பான், மறுநாள் வண்டியில் ஏற்றுகிற சாமானைப் பார்ப்பான், இரண்டையும் முடிச்சுப் போடுவான். கடையில் விற்காமலே பெட்டியோடு கிடந்து பழசானது "என்.ஓ.எஸ்." கல்யாணமே ஆகாமல் கிழவியானது என்று தனலக்ஷ்மிக்கு விளக்கினான். அவள் சிரிக்கவில்லை. கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தால் "ஓ.பி." கம்பெனி மோட்டாரே இருந்தால் "ஓ.எம்." வேறு மோட்டார் போட்டிருந்தால் பேச்சே வேறு. மோட்டார் மாற்றின மெஷினைப் பற்றி அவர்கள் பேசுகிற தொனி, கலப்புக் கல்யாணம் நடந்த வீட்டைப் பற்றி ஊரில் பேசுகிற அதே தொனிதான். அசோகனுக்கு அந்தத் தொனி பழக்கமானது. அதனால் சீக்கிரம் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசி "பி.ஓ." உதிரிக்கு மட்டும். உருப்படாது, பிரித்தால் வேறு மெஷினுக்கு ஆகும் என்று அர்த்தம்.

வருஷத்துக்கு ஒருதரம் ஜெயநகரில் ஒரு ஹால் பிடித்து எல்லாரும் மெஷின்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். பெரியவர்கள் நாலு பேர் டார்ச்சு அடித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதித் தொங்கவிடுவார்கள். அந்த அட்டைக்காகப் பெரிய பெரிய ஆபீசர்களெல்லாம் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். அசோகன் சாமானை இறக்கிவிட்டு வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நிற்பான். உள்ளே நடக்கிற பேச்செல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்கும். எல்லாமே புரியும். புரிந்து என்ன? புரிகிறது என்று யாருக்கும் தெரியாது. காபி மட்டும் பேப்பர் கப்பில் வெளியே வரும்.

ஒருதரம் பொறுக்கமாட்டாமல், ஒரு ஃப்ரிட்ஜை ஏற்றும்போது சீனிவாசராகவனிடம், "சார், இது ஓ.பி. இல்ல, கதவு மட்டும் அப்பால அடிச்சது" என்று சொல்லிவிட்டான். அவர் நிமிர்ந்து பார்த்தார். கதவையும் பார்த்தார். அவன் சொன்னது தப்பு. வெயில் பட்டு நிறம் மாறினது, அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"நம்ம பாஷையெல்லாம் வந்துடுத்தே உனக்கு. சொந்தமா ஒரு பீஸ் இருந்தா உன்னையும் மெம்பரா போட்டுடலாம் அசோகா" என்றார்.

சிரிப்புக்குச் சொன்னது. அசோகன் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டான். ரூல் உண்மையிலேயே இருந்தது: சொந்தமாக ஒரு மெஷினை மீட்டிங்கில் வைக்கிறவன் மெம்பர். மெம்பருக்கு உள்ளே நாற்காலி.

அவனிடம் மெஷின் இல்லை. அக்காவிடம் இருந்தது.

யசோதரையின் மாமனார் தங்கவயலில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் பங்களாவில் பட்லராக இருந்தவர். அந்தத் துரை கப்பலேறும்போது விட்டுப்போனது அந்த வாஷிங் மெஷின். மூன்று கால், உருண்டைத் தொட்டி. தொட்டிக்கு மேலே கரும்பு பிழிகிற மாதிரி இரண்டு உருளை வைத்த இரும்புத் தலை. துணியை உருளைக்கு நடுவே கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளமாக வரும். வீட்டில் அதற்குப் பேர் துரைசானி. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் மோட்டார் புகைந்து போனது. யசோதரையின் புருஷன் அப்பாதுரை வெல்டர். ஒரு மாவு கிரைண்டரின் மோட்டாரைப் பிடித்து, கீழே தட்டு வைத்து, பெல்ட் போட்டு மறுபடி ஓடவைத்தார். வேலை செய்த இடத்தில் கேட்டுக்கு அடித்து மிஞ்சின பச்சை பெயிண்டைக் கொண்டுவந்து மேலுக்கும் அடித்தார். பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் கதவு மாதிரி இருக்கிறது என்று அசோகன் அப்போது கிண்டல் செய்தான். "ஓடுதா இல்லியா, அத்தச் சொல்லு" என்றார் அப்பாதுரை.

அவர் போன பிறகு அந்த மெஷின்தான் அவளுக்குப் புருஷன், பிள்ளை, எல்லாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் பையன்களும் பெண்களும் தங்குகிற பி.ஜி. ஹாஸ்டல்களில் இருந்து பெட்ஷீட்டும் கம்பளியும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்து காயவைத்துக் கொடுப்பாள். புது மெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தாள். இரண்டு கம்பளி போட்டால் அது மூச்சு வாங்கி நின்றுவிடும். துரைசானி நிற்காது. அடுத்த வீட்டு வீணா மதியத்தில் வந்து உருளைக்கு இந்தப் பக்கம் நிற்பாள், இவள் அந்தப் பக்கம். கன்னடமும் தமிழுமாக ஊர்க்கதை ஓடும், ஷீட்டும் ஓடும்.

மீட்டிங் ஞாயிற்றுக்கிழமை என்றால், வியாழக்கிழமையே அசோகன் அத்திபெலேக்குப் போனான். பெரிய பெரிய சாருங்க வருகிற எக்சிபிஷன், உன் மெஷினைப் பார்த்தால் அசந்துபோவார்கள், பேரிங்குக்குக் கிரீஸ் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றெல்லாம் பேசினான். யசோதரை துணியை அலசிக்கொண்டே கேட்டாள்.

"பேரு யாரு பேரு போடுவாங்க?"

"நம்ம பேருதாங்க்கா."

"நம்ம பேருன்னா?"

அவன் பழைய மோட்டாரைப் பற்றிக் கேட்டான். புகைந்துபோன அந்தக் கம்பெனி மோட்டாரை அப்பாதுரை தூக்கிப் போடவில்லை. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அதையும் கொடு, சாருங்க பார்க்கட்டும் என்றான். செத்த மோட்டார் எதற்கு என்று அவள் கேட்டாள். பார்க்க என்றான். கடைசியில் தம்பி என்றுதான் கொடுத்தாள். ஒன்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"திங்கக்கெழம காலைல எனக்கு இது இங்க நிக்கணும் அசோகா. திங்கக்கெழம மூட்ட ஜாஸ்தி வரும். ஒரு வாட்டி சொன்ன டயத்துக்குக் குடுக்கலன்னா ஆஸ்டல்காரன் வேற ஆளப் பாத்துக்குவான். அப்பால நான் யார் வூட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போறது?"

"இன்னாக்கா இது, எடுத்துக்கினு ஓடிப்போற மாதிரி பேசுற" என்றான்.

நீலசந்திராவில் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தான். போனில் படித்த எழுத்தெல்லாம் அவன் மண்டையில் வரிசை கட்டி நின்றது. கிரைண்டர் மோட்டார் இருந்தால் ஓ.எம். இல்லை. பச்சை பெயிண்ட் இருந்தால் ஓ.பி. இல்லை. அப்பாதுரை வைத்த தட்டு, பெல்ட், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றி ஓரம் வைத்தான். புகைந்த மோட்டாரைத் துடைத்து அதன் பழைய இடத்தில் பூட்டினான். அது சுற்றாது. சுற்ற வேண்டியதில்லை. செத்தாலும் சொந்த மோட்டார் உசத்தி, உயிரோடு ஓடினாலும் இரவல் மோட்டார் மட்டம். இதுதான் அவன் படித்த படிப்பு. அடுத்து, தின்னரை ஊற்றி, எமரித் தாளால் பச்சையைத் தேய்க்க உட்கார்ந்தான். பச்சையோடு வெள்ளையாக வழிந்ததை அடிப்பூச்சு என்று நினைத்து இரண்டு நாள் தேய்த்தான். தொட்டி எவர்சில்வர் குடம் மாதிரி பளபளத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவனுக்கு ஏக சந்தோஷம்.

தனலக்ஷ்மி ஒருதரம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஓடிக்கினு இருந்தத ஓடாம பண்றதுக்கா இவ்ளோ வேல?"

"உனக்கு இன்னா தெரியும்? இதெல்லாம் வேற லெவல்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. திங்கக்கெழம உங்க அக்கா முன்னாடி நீங்கதான் நிக்கணும், அது மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மீட்டிங் முடிந்ததும் கிரைண்டர் மோட்டாரைத் திரும்பப் பூட்டிவிட்டால் போயிற்று, ஒரு மணி நேர வேலை என்று அசோகன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அது ஒன்றும் பொய்யில்லை. அந்த அளவுக்கு யோசித்துத்தான் வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மற்றவர்கள் சாமானை இறக்கி வைத்துவிட்டுத் தன் மெஷினையும் இறக்கி, வாசலோரம் காலியாகக் கிடந்த இடத்தில் நிறுத்தினான். சீனிவாசராகவன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரோடது அசோகா?"

"என்னோடது சார்."

"உன்னோடதா? பேஷ்" என்றார். அப்புறம் தொட்டியைத் தொட்டார். கை நின்றுவிட்டது.

எதைப் போட்டுத் தேய்த்தாய் என்று கேட்டார். அசோகன் பெருமையாகச் சொன்னான். தின்னர், எமரி, இரண்டு நாள். மற்ற மூன்று பெரியவர்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தர் குனிந்து, காலுக்குப் பின்பக்கம் அசோகனின் எமரித் தாள் எட்டாத ஒரு மூலையை டார்ச்சு அடித்துப் பார்த்தார். அங்கே கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. நகத்தால் நெம்பினார். பச்சை தோலாக உரிந்து வந்தது. அதற்கு அடியில் கம்பெனி அடித்த வெள்ளை, பால் மாதிரி, கீறல் இல்லாமல் இருந்தது.

"பச்சைக்கு அடியில ஓ.பி. முழுசா இருந்திருக்கு அசோகா. எண்ணெயும் பஞ்சும் வச்சிண்டு மாசக்கணக்குல மெதுவா எடுத்திருந்தா அப்படியே வந்திருக்கும். நீ ரெண்டையும் சேத்து வழிச்சுட்டே" என்றார் சீனிவாசராகவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வைத்தியர் சாவுச் செய்தி சொல்கிற மாதிரி சொன்னார்.

அசோகன் மோட்டாரைக் காட்டினான். ஓ.எம். சார் என்றான். அவர்கள் முகர்ந்து பார்த்தார்கள். உள்ளே கம்பிச் சுருள் எரிந்து கட்டியாகியிருந்தது. இதுவரை எதில் ஓடியது என்று கேட்டார்கள். கிரைண்டர் மோட்டாரில் ஓடியது, வியாழக்கிழமைவரை ஓடியது என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

"அந்தக் கிரைண்டர் மோட்டாரோட, அந்தப் பச்சையோட, அப்படியே கொண்டு வந்திருக்கக் கூடாதா? டி.டி.ன்னு எழுதித் தொங்க விட்டிருப்போமே. ஓடற மெஷினுக்கு எப்பவும் ஒரு எடம் உண்டு. மட்டமான எடந்தான், ஆனா எடம்."

அத்தனை எழுத்தையும் அசோகன் படித்தான். எந்த எழுத்து தனக்கு உரியது என்பதை மட்டும் படிக்கவில்லை.

அட்டை எழுதினார்கள். பி.ஓ. என்று எழுதினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மீட்டிங்கில் பி.ஓ. அட்டை விழுந்த மெஷினை அங்கேயே பிரித்துவிடுவார்கள். யார் யாருக்கு என்ன உதிரி தேவையோ எடுத்துக்கொள்வார்கள். பிணத்தைக் கிடத்திவைத்தால் நாறும் என்கிற மாதிரி ஒரு நியாயம். ஆனால் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். முதல் ஸ்க்ரூவைச் சொந்தக்காரன்தான் தன் கையால் கழற்ற வேண்டும். அவன் கழற்றாதவரை யாரும் தொடமாட்டார்கள். கழற்றினால் எல்லாரும் கை தட்டுவார்கள். அப்படிக் கொடுத்தவனும் மெம்பர்தான். அசோகன் ஜன்னல் வழியாகப் பலதரம் பார்த்த வழக்கம். அவனுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிஷோர் வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ கம்பெனியில் இருக்கிறவன். இதே மாதிரி மெஷின் அவனிடம் ஒன்று உண்டு. அதில் உருளைத் தலை மட்டும் உடைந்திருந்தது. தேடுகிறேன் தேடுகிறேன் என்று குரூப்பில் போட்டுப்போட்டு அவன் விரல் தேய்ந்திருக்கும். துரைசானியின் தலையைப் பார்த்ததும் அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அண்ணா, வார்ப்புல ஒரு கிராக் இல்லண்ணா. இத எவ்ளோ நாளா தேடுறேன் தெரியுமா? ப்ளீஸ்ண்ணா" என்று அசோகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். இந்தக் கூட்டத்தில் யாரும் அவன் கையைப் பிடித்ததில்லை. வேலை முடிந்ததும் கையில் ஏதாவது திணிப்பார்கள், அவ்வளவுதான்.

ஸ்பேனரை நீட்டினார்கள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது என்னுடையது இல்லை, என் அக்காவுடையது, நாளைக்குக் காலையில் இதில் துணி ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷர்கள் பின்வாங்கியிருப்பார்கள். கெட்டவர்கள் இல்லை. மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு ஒரு கை பிடித்து வண்டியில் ஏற்றிக்கூட விட்டிருப்பார்கள். ஆனால் "என்னோடது சார்" என்று சொன்ன வாய் அதே காலையில் அதே ஆள் முன்னால் எப்படித் திரும்பும்? பொய்யன் என்று பேர் வாங்கி, வெளியே வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவன் மனசு குறுக்குவழியெல்லாம் ஓடிப் பார்த்தது. தலை போனால் என்ன, தொட்டி இருக்கிறதே. துவைக்கலாம், பிழிவதற்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். அக்காவுக்குப் புதுசாக ஒன்று தவணையில் எடுத்துக் கொடுத்தால் போயிற்று. இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பேனர் அவன் கையில் இருந்தது. கை திருகியது.

ஸ்க்ரூ சுலபமாக வந்தது. அப்பாதுரை வருஷா வருஷம் எண்ணெய் விட்டு வைத்திருந்தார்.

கை தட்டினார்கள். அப்புறம் அவனை யாரும் கேட்கவில்லை. உருளைத் தலையை கிஷோர் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனான். கியரை ஒருத்தர் எடுத்தார், காலில் இருந்த சக்கரத்தை ஒருத்தர், எரிந்த மோட்டாரைக்கூட அதன் மேல் இருந்த கம்பெனி பேர் போட்ட தகட்டுக்காக ஒருத்தர். மிஞ்சினது மொட்டைத் தொட்டி. யாரோ அவனை அழைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பீங்கான் கப்பில் காபி கொடுத்தார்கள். உட்கார்ந்தான். நாற்காலி நாற்காலிதான், பிளாஸ்டிக்.

சாயங்காலம் எல்லாம் முடிந்ததும் சீனிவாசராகவன் அவன் தோளைத் தட்டி, "மெம்பர் சார், இந்தப் பெரிய ஃப்ரிட்ஜ் ரெண்டையும் முதல்ல ஏத்திடுப்பா, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு அசோகன் ஏற்றினான்.

திங்கட்கிழமை காலையில் மேம்பாலத்து டோலைத் தாண்டி அத்திபெலேக்குப் போனான். பின்னால் மொட்டைத் தொட்டியும் கிரைண்டர் மோட்டாரும் உருண்டுகொண்டு வந்தன. போனில் குரூப்புக்காரர்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிஷோர் தன் மெஷின் படத்தைப் போட்டிருந்தான், தலையோடு. அசோகன் பெயருக்குப் பின்னால் இருந்த டெம்போவை எடுத்திருந்தார்கள். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

யசோதரை வாசல் கல்தொட்டியில் கம்பளிகளை ஊறவைத்திருந்தாள். மூட்டைகள் வந்து சுவரோரம் அடுக்கியிருந்தன. வண்டிச் சத்தம் கேட்டு, "வந்துட்டியா, எறக்கு எறக்கு, கரண்ட் இருக்கும்போதே ஓட்டிடலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்தவள் நின்றாள். தொட்டியின் வெற்றுத் தகரத்தைத் தடவினாள்.

"பச்ச எங்கடா?"

அவன் பேச ஆரம்பித்தான். ஓ.பி. என்றான், ஓ.எம். என்றான், அட்டை என்றான், பெரிய பெரிய ஆட்கள் பார்த்தார்கள் என்றான். சொல்லிக்கொண்டே போகும்போது அவனுக்கே அந்த எழுத்துகள் வாயில் மண் மாதிரி இருந்தன. தங்கவயல் லைன் வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் முன்னால் நின்று, அவளுக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்தான். புரியாது என்கிற தைரியத்தில்தான் பேசிக்கொண்டிருந்தான்.

"பி.ஓ.ன்னா இன்னா?" என்று கேட்டாள்.

"உதிரிக்கு மட்டும்னு அர்த்தம்க்கா."

"எது? போன வாரம் நாங்க ரெண்டு பேரும் கம்பளி புழிஞ்சமே, அதுவா?"

அவன் கிரைண்டர் மோட்டாரை வண்டியில் இருந்து இறக்கி வைத்தான்.

"தல யாரு கழட்டுனது?"

பொய் சொல்ல வந்தது. கிஷோர் பேரைச் சொல்லலாம், சீனிவாசராகவன் பேரைச் சொல்லலாம். அவர்கள் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் அவள் கண் அவன் கையில் இருந்தது, முகத்தில் இல்லை.

"நான்தான்" என்றான்.

யசோதரை தலையை ஆட்டினாள். ஏதோ விலை கேட்டு, கட்டுப்படியாகாது என்று தெரிந்துகொண்ட மாதிரி ஆட்டினாள். திரும்பிப் போய்க் கல்தொட்டித் தண்ணீரில் இருந்து ஒரு கம்பளியை இழுத்தாள். தண்ணீரைக் குடித்துக் கன்றுக்குட்டி கனம் இருந்தது அது. ஒரு முனையைப் பிடித்து முறுக்கப் பார்த்தாள். ஒற்றை ஆளுக்கு முறுக்குமா? மறுமுனை தரையில் புரண்டது. அசோகன் செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய் அந்த முனையைத் தூக்கினான்.

"குடுக்கா, நான் புடிக்கிறேன்."

அவள் தன் பக்கத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவனிடம் இருந்த முனையை, வலிக்காமல், அவசரமில்லாமல், அவன் விரல்களில் இருந்து உருவினாள். பக்கத்து வீட்டைப் பார்த்து, ஒரு பக்கம் பிடிக்க வரச் சொல்லிக் கன்னடத்தில் குரல் கொடுத்தாள்.

"வீணா, ஸ்வல்ப பாம்மா. ஒந்து கடே ஹிடி."

வீணா வந்தாள். மொட்டைத் தொட்டியைப் பார்த்தாள், அசோகனைப் பார்த்தாள், ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் சிமென்டுத் தரையில் வழிந்து, அசோகன் நின்ற இடத்துக்கு ஓடி வந்து, அவன் காலை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. யாரும் அவனை நகரச் சொல்லவில்லை.